சொந்த விமானக்காரரிடம் வேலைக்குப் போகும் புது பைலட்டுக்கு: சம்பளமும் தயார்நிலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைசென்ஸ் வந்து சில வாரங்கள்தான் ஆகிறது. லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டில், 200 அல்லது 250 மணிநேரம். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "எங்கிட்ட சின்ன விமானம் ஒண்ணு இருக்கு, ஓட்ட ஆள் வேணும், வர்றீங்களா?" என்று கேட்கிறார். சந்தோஷத்தில் உடனே தலையாட்டத் தோன்றும். தலையாட்டுவதற்கு முன் புது பைலட்டுகள் கேட்கும் கேள்விகளும், கேட்க மறந்துவிடும் சிலவும் இங்கே இருக்கின்றன. ஒற்றை எஞ்சின், நாலு முதல் ஆறு சீட் வரை உள்ள பிஸ்டன் விமானங்களை மனதில் வைத்து எழுதியது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டு விதி என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கமர்ஷியல் லைசென்ஸ் இருக்கிறது. இனி யார் விமானத்தையும் ஓட்டிக் காசு வாங்கலாமா?

விமானத்தை யார் கொண்டுவருகிறார் என்று முதலில் பாருங்கள். விமானமும் அவருடையது, பயணமும் அவருடையது, உங்களை ஓட்ட மட்டும் கூப்பிடுகிறார் என்றால் பெரும்பாலான நாடுகளில் சிக்கல் இல்லை. சொந்தக் காருக்கு டிரைவர் வைப்பது மாதிரிதான். அதே விமானத்தை நீங்களே ஏற்பாடு செய்து, ஆளையும் நீங்களே ஏற்றிக் காசு வாங்கினால் அது வாடகை விமான சேவை. ஓனர் தன் நண்பரிடம் சீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உங்களை ஓட்டச் சொன்னாலும் அதே கதைதான். அதற்கு உங்கள் லைசென்ஸ் மட்டும் போதாது, சேவை நடத்துபவருக்குத் தனிச் சான்று வேண்டும்.

அமெரிக்காவில் அந்தச் சேவை பார்ட் 135 என்ற விதித்தொகுப்புக்குள் போய்விடும். அதில் பைலட்-இன்-கமாண்டாக (பயணத்தின் முழுப் பொறுப்பும் ஏற்கும் பைலட்டாக) உட்கார, கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கே 500 மணிநேரம் வேண்டும்; கருவிகளை நம்பி ஓட்டும் பயணத்துக்கு 1,200. இந்தியாவில் பிரைவேட் வகையில் பதிவான விமானத்தை வாடகைக்கு ஓட்டக்கூடாது.

"அவர் என் பார்ட்னர்தான், செலவைப் பகிர்ந்துக்கறோம்" என்று ஓனர் சொல்வார். பின்சீட்டில் இருப்பவர் யார், காசு கைமாறியதா என்று கேட்பதில் தப்பே இல்லை. மாட்டினால் போவது உங்கள் லைசென்ஸ்.

பிரைவேட் லைசென்ஸ்தான் இருக்கிறது. காசே வாங்காமல் ஓட்டிக் கொடுத்தால்?

அதிலும் கண்ணி இருக்கிறது. பெட்ரோல் அவர் செலவு, மணிநேரம் உங்கள் லாக்புக்கில் என்றால், அந்த இலவச மணிநேரமே ஒரு கூலிதான் என்பது அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவின் நெடுநாள் நிலைப்பாடு. கையில் பணம் வாங்கவில்லை என்று வாதாடி ஜெயிக்க முடியாது.

இது வெறும் காகித விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஏற்றிப்போன பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. ஓட்டியவரிடம் இருந்தது பிரைவேட் லைசென்ஸ். காசுக்குப் பயணி ஏற்றும் அனுமதி அவருக்கும் இல்லை, அந்த விமானத்துக்கும் இல்லை. இரவில் பறக்கும் தகுதியும் அவருக்கு இல்லை. எக்ஸாஸ்டிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு பைலட்டையும் பாதித்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. இந்த வழக்கை நான் எல்லாப் புது பைலட்டிடமும் சொல்வேன். காகிதக் குறை, தகுதிக் குறை, விமானத்தின் குறை மூன்றும் ஒரே இரவில் ஒரே காக்பிட்டில் சேர்ந்திருந்தன.

சரி, எவ்வளவு கேட்பது?

தொகையை என்னால் சொல்ல முடியாது; ஊருக்கு ஊர், விமானத்துக்கு விமானம் மாறும். எதை அளந்து கேட்பது என்பதைச் சொல்கிறேன்: மணிக்கணக்கில் கேட்காதீர்கள், நாள்கணக்கில் கேளுங்கள்.

ஓனருக்கு ஒரு மணிநேரத் தொலைவில் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சு மணிக்கு எழுந்து வானிலை பார்க்கிறீர்கள். ஆறு மணிக்கு ஹேங்கர் (விமானக் கொட்டகை). விமானத்தை வெளியே இழுத்து, எண்ணெய் பார்த்து, எரிபொருள் நிரப்பி, எட்டு மணிக்குக் கிளம்புகிறீர்கள். ஒன்பதுக்கு இறங்கியாச்சு. அப்புறம் அவருடைய கூட்டம் மூன்று மணிக்கு முடியும் என்பார், ஐந்தரைக்கு முடியும். இருட்டுவதற்குள் திரும்பி, விமானத்தைத் துடைத்து உள்ளே தள்ளிவிட்டு வீடு சேர இரவு எட்டு. பறந்தது 2 மணிநேரம், போனது 15 மணிநேரம். மணிக்கூலி பேசியிருந்தால் அந்த 2-க்குத்தான் காசு. அன்றைக்கு வேறு எந்த வேலைக்கும் நீங்கள் போயிருக்க முடியாது.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு தொகை, அரை நாள் என்று ஒன்று வேண்டாம். வெளியூரில் இரவு தங்கினால் மறுநாள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அது இன்னொரு நாள். தொகையை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? உங்கள் பக்கத்தில் ஒரு ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர் முழு நாள் வேலை செய்தால் என்ன சம்பாதிப்பார் என்று விசாரியுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள். விமானம் பெரிதாக, வேகமாக ஆக, தொகையும் ஏறவேண்டும்.

பறக்காத நாளுக்கும் சம்பளம் கேட்கலாமா?

கேட்கத்தான் வேண்டும். எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

பறந்தால் காசு, பறக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று பேசியிருக்கிறீர்கள். மாதக் கடைசி. காலை ஆறு மணிக்கு ரன்வே ஓரத்தில் நிற்கிறீர்கள். எதிரே இருக்கும் மரங்கள் பாதிதான் தெரிகின்றன. "எட்டு மணிக்குள் தெளிஞ்சிடும்" என்கிறது வானிலை அறிக்கை. ஓனரின் கார் வந்துகொண்டிருக்கிறது. ரத்து செய்தால் இந்த மாத வீட்டு வாடகையில் துண்டு விழும். இந்த நிலையில் "கொஞ்சம் பரவாயில்லையே, கிளம்பிப் பார்க்கலாம்" என்று உங்கள் மனமே உங்களிடம் பேச ஆரம்பிக்கும். ஓனர் ஒரு வார்த்தை கூட அழுத்தம் தரவில்லை, சம்பள ஏற்பாடுதான் அழுத்தம் தருகிறது.

இதைத் தொடக்கத்திலேயே வெட்டிவிடலாம். முந்தின நாள் மாலை ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக ஆறு மணி. அதற்குப் பிறகு யார் எந்தக் காரணத்துக்காக ரத்து செய்தாலும் அந்த நாளின் முழுத் தொகை உண்டு. வானிலை, எஞ்சினில் ஒரு சத்தம், ஓனரின் கூட்டம் தள்ளிப்போனது, எதுவானாலும் சரி. நீங்கள் காய்ச்சலில் படுத்தால் மட்டும் கிடையாது, அது நியாயம். இப்படி இருந்தால் அந்தப் பனிமூட்டக் காலையில் போகலாம், வேண்டாம் என்ற இரண்டு பதிலுக்கும் உங்கள் பையில் ஒரே தொகைதான்.

"வேலையே செய்யாத நாளுக்குக் காசா?" என்று ஓனர் புருவத்தை உயர்த்துவார். "சார், கிளம்பலாமா வேண்டாமான்னு பாக்கறதும் இந்த வேலைதான். வேண்டாம்னு சொன்னா எனக்கு நஷ்டம்னு இருந்தா, நான் சொல்ற 'கிளம்பலாம்'ல உங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்று கேளுங்கள். இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஓனரிடம் வேலை பார்க்கலாம். புரியாதவரிடம் வானிலை பற்றிப் பேசியும் பயன் இருக்காது.

"உனக்குத்தான் மணிநேரம் சேருதே தம்பி, அது போதாதா?"

போதாது. இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது என்று முதலில் பார்ப்போம். 2009-இல் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்த பிறகு, அமெரிக்காவில் சட்டம் மாறி, 2013 முதல் ஏர்லைனில் துணை பைலட்டாக உட்காரவும் பொதுவாக 1,500 மணிநேரம் தேவை என்றானது. (அந்த விமானத்தின் இரண்டு பைலட்டுகளும் 1,500-ஐத் தாண்டியவர்கள் என்பது வேறு கதை.) வேறு பல நாடுகளில் 200 மணிநேரத்தில் ஏர்லைன் வாசல் திறக்கிறது என்றாலும் வரிசை நீளம். ஆக, 250 மணிநேரக்காரருக்கு ஒவ்வொரு மணியும் தங்கமாகத் தெரிகிறது. ஓனர்களுக்கும் அது தெரியும்.

ஆனால் சம்பளம் வாங்கினாலும் அதே மணிநேரம்தானே லாக்புக்கில் ஏறப்போகிறது? அதை அவர் தனியாகத் தரவில்லை. மணிநேரமே கூலி என்று ஒத்துக்கொண்டவர், ரத்தாகும் ஒவ்வொரு பயணத்திலும் கூலியை இழக்கிறார். மேலே சொன்ன அதே பொறிதான். சும்மா ஓட்டிக் கொடுப்பவர் மறுத்துப் பேசினால் கேட்க ஆளும் இருக்காது. அவருக்குப் பதில் சும்மா ஓட்ட இன்னொருவர் கிடைப்பார்.

ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன். அனுபவமுள்ள பைலட் ஒருவர் இடதுபுறம் இருக்க, நீங்கள் பொறுப்பு எதுவும் இல்லாமல் வலதுபுறம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் காசு பேச வேண்டாம். அது பாடம்.

பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு?

எல்லாம் ஓனர் கணக்கு. எரிபொருளுக்கு உங்கள் கார்டைத் தேய்த்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓனர் பெயரில் கணக்கு, இல்லையென்றால் முன்பணம்.

மாதச் சம்பளம் நல்லதா, நாள்கூலி நல்லதா?

மாதத்தில் நாலைந்து பயணம் என்றால் நாள்கூலி. அதற்கு மேல், "எப்போ கூப்பிட்டாலும் வரணும்" என்று எதிர்பார்த்தால் மாதச் சம்பளம். காத்திருப்பதற்கும் விலை உண்டு: போன் வந்தால் இரண்டு மணிநேரத்தில் ஹேங்கரில் நிற்க வேண்டும் என்றால் அன்று நீங்கள் ஊரை விட்டு நகர முடியாது, வேறு வேலை ஒத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் நடுவே, மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் என்று உறுதி கொடுத்து, அதற்கு மேல் நாள்கணக்கு என்று பேசுபவர்களும் உண்டு. புது பைலட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. மாதச் சம்பளம் என்றால் வருடாந்தரப் பயிற்சி, மருத்துவச் சான்று, விடுமுறை மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். பயிற்சிக்குச் செலவழித்துவிட்டு "இத்தனை வருஷம் விலகக்கூடாது" என்று பத்திரம் நீட்டினால், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள்.

"இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்கு ஓகே சொல்லிடுச்சு" என்கிறார். போதுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் ஓட்டினாலும் பாலிசி செல்லும் என்பதுதான் அந்த 'ஓகே'. பாலிசி காப்பது ஓனரை. நீங்கள் லேண்டிங்கில் முன்சக்கரத்தை உடைத்து, ப்ரொப்பெல்லர் தரையில் அடித்து, எஞ்சினைப் பிரிக்க வேண்டியதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஓனருக்குப் பணம் கொடுக்கும். கொடுத்த பிறகு, நஷ்டத்துக்குக் காரணமானவர் என்று உங்களிடம் அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு.

அதனால் இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும். ஒன்று, மூன்றாம் நபர் நஷ்டஈட்டில் பாதுகாப்புப் பெறுபவராக உங்கள் பெயரும் பாலிசியில் சேர வேண்டும். இரண்டு, விமானச் சேதத்துக்காக உங்கள்மேல் வழக்குப் போடும் உரிமையைக் கம்பெனி விட்டுக்கொடுப்பதாக ஒரு இணைப்பு. பாலிசியின் நகலையே கேளுங்கள், புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி செல்லாது.

பெரும்பாலான பாலிசிகளில் யாரெல்லாம் ஓட்டலாம் என்று பொதுவான ஒரு அளவு எழுதியிருக்கும்: மொத்தம் இத்தனை மணிநேரம், அதே ரகத்தில் இத்தனை, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை நம்பி ஓட்டும் தகுதி) என்று. புது பைலட் அதற்குள் வரமாட்டார். அவர் பெயரைத் தனியாக எழுதி, அந்த விமானத்தில் இன்ஸ்ட்ரக்டருடன் குறிப்பிட்ட மணிநேரம் ஓட்டிய பிறகே பயணி ஏற்றலாம் என்று நிபந்தனை போடுவார்கள். அந்த நிபந்தனை உங்கள் நண்பன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் செலவை ஓனர் கட்ட அதுதான் காரணம் தருகிறது.

200 மணிநேரம் ஆகிவிட்டது. நான் தயாரா?

அந்த 200-ஐப் பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி ஒரே ரக விமானம், ஒரே மைதானம், பழகிய ரேடியோ குரல். பறக்கலாமா என்று முடிவெடுத்தது பெரும்பாலும் இன்ஸ்ட்ரக்டர் அல்லது பள்ளியின் விதி. மேகத்துக்குள் உண்மையிலேயே ஓட்டியது எவ்வளவு? முழு எடையோடு கிளம்பியது எத்தனை முறை? பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுக்கும்போது ரேடியோவில் பேசியிருக்கிறீர்களா? லைசென்ஸ் தேர்வில் இவை வராது.

வேகம் அடுத்த விஷயம். பயிற்சி விமானம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 2 கடல் மைல். ஓனரின் சிரஸ் எஸ்ஆர்22 மாதிரி 310 குதிரைத்திறன் விமானம் 180 நாட் வேகத்தை ஒட்டிப் போகும், நிமிடத்துக்கு 3. 9,000 அடியிலிருந்து 1,500 அடிக்கு, நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்க 15 நிமிடம் வேண்டும். பயிற்சி விமானத்தில் 30 மைல் முன்னால் தொடங்கினால் சரி. இதில் 45 மைல். பழக்க தோஷத்தில் 30-இல் தொடங்கினால் மைதானத்துக்கு மேலே உயரமாகவும் வேகமாகவும் வந்து நிற்பீர்கள். அப்புறம் அவசரம், அப்புறம் சின்னச் சின்னத் தப்புகள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தாள் இருக்கிறது, கை பழகி மாதக்கணக்கு ஆகிறது என்றால் அது இன்னும் மோசம். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை நம்பி ஓட்டிப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டவைத்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். மூன்று நிமிடம் கூட இல்லை.

அப்படியானால் எப்போதுதான் தயார் ஆவேன்?

இன்சூரன்ஸ் கேட்கும் மணிநேரத்தைக் குறைந்தபட்சமாக வையுங்கள். அதற்கு மேல் என் அளவுகோல் இது: அந்த விமானத்தில், அந்த ரகம் நன்றாகத் தெரிந்த இன்ஸ்ட்ரக்டருடன், முழு எடையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, நல்ல பக்கக்காற்றில் ஒருமுறை, ஆட்டோபைலட்டை அணைத்து மேகத்துக்குள் ஒருமுறை. திட்டமிட்ட இடத்துக்குப் போகாமல் நடுவழியில் வேறு மைதானத்துக்குத் திரும்பும் பயிற்சி கண்டிப்பாக. திரையில் புது பாதை போடத் தடுமாறி, தலை குனிந்து பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தால் இன்னும் தயாராகவில்லை.

இதெல்லாம் ஓனர் இல்லாமல் நடக்கட்டும். தன் விமானத்தில் ஒருவர் கற்றுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஓனருக்கும் பொறுமை இருக்காது.

அப்புறம் விதி கேட்பது: பயணி ஏற்ற, கடந்த 90 நாளில் 3 டேக்ஆஃப், 3 லேண்டிங். இது பல நாடுகளில் உள்ள கணக்கு. அமெரிக்காவில் கருவி வழிப் பயணத்துக்கு, கடந்த 6 மாதத்தில் 6 அப்ரோச்சும் (கருவிகளை வைத்து ரன்வேயை நோக்கி இறங்கிவருவது) கூட வேண்டும். 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கும், சக்கரம் மடங்கும் விமானத்துக்கும் அங்கே தனித்தனி எண்டார்ஸ்மென்ட் (லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டர் தரும் ஒப்புதல்) உண்டு.

விமானத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

விமானத்தைப் பார்க்கும் முன் அதன் பதிவேடுகளைப் பாருங்கள். வருடாந்தரச் சோதனை எப்போது முடிகிறது, அந்த ரக விமானத்துக்கு அரசு போட்ட கட்டாயப் பராமரிப்பு உத்தரவுகள் நிறைவேறியிருக்கின்றனவா, ட்ரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) சோதனை தேதி என்ன. பராமரிப்பு ஓனர் பொறுப்பு. இன்றைக்கு இந்த விமானம் பறக்கத் தகுதியா என்று தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு. "அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு" என்ற வாசகம் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே நின்று விசாரியுங்கள்.

எரிபொருள் மாதிரி எடுப்பதைக் மெக்கானிக்கிடம் விடாதீர்கள். இறக்கைக்கு அடியில் குனிந்து, குழாயை அழுத்தி, கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். 100எல்எல் பெட்ரோல் மெல்லிய நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக ஒரு குமிழாக உருண்டு கிடக்கும். நீலமே இல்லாமல் வெளிறிப்போயிருந்தால் யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கலாம். முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வரும். அதில் பிஸ்டன் எஞ்சின் கிளம்பும், ஓடும், டேக்ஆஃப் ஆனதும் நின்றுவிடலாம். எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் நிற்பது சங்கடமாக இருந்தாலும் நில்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் சத்தம் போடும் மின்னணு வகையில் ஒன்றை வாங்கி வையுங்கள். ஓனர் வாங்கித் தராவிட்டால் உங்கள் காசிலேயே வாங்கலாம். செலவு விஷயத்தில் நான் தரும் ஒரே சலுகை இது.

நாலு சீட் இருக்கிறதே, நாலு பேர் ஏறலாம்தானே?

செஸ்னா 182டி-யை எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச டேக்ஆஃப் எடை 1,406 கிலோ. காலி எடை, பொருத்தியுள்ள சாதனங்களைப் பொறுத்து, 900 கிலோவை ஒட்டி இருக்கும். மீதி சுமார் 500. டாங்க் நிறைந்தால் பயன்படுத்தக்கூடியது 87 கேலன், அதாவது 329 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 237 கிலோ. பாக்கி சுமார் 270. 80 கிலோ ஆட்கள் மூன்று பேர், கொஞ்சம் பெட்டி, அவ்வளவுதான். அந்த மூன்றில் ஒருவர் நீங்கள்.

நாலு பேர் ஏற வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், வழியில் ஒருமுறை இறங்க வேண்டும். இதை ஓனரிடம் வேலைக்குச் சேரும் வாரத்திலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டிவிடுங்கள். கிளம்பும் காலையில், மைத்துனர் பெட்டியோடு வந்து நிற்கும்போது சொன்னால் நீங்கள் வில்லன். வெயில் ஏறினால் ரன்வே நீளமும் கணக்கில் சேரும்: அந்த உயரத்துக்குத் தரமாக வைத்திருக்கும் வெப்பநிலையை விட ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் விமானம் சுமார் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும்.

ஓனரும் பைலட். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கை வைக்கிறார். என்ன செய்வது?

எஞ்சின் போடும் முன் பேசி முடிக்க வேண்டியது இது. "இன்னிக்கு கமாண்ட் யார் சார், நீங்களா நானா?" அவர் என்றால், உங்கள் பேச்சு எங்கே எடுபடும், எங்கே படாது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் என்றால், கட்டுப்பாடு கைமாறும்போது இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சக்கரம், ஃப்ளாப் லீவர்களை நீங்கள் கேட்காமல் அவர் தொடக்கூடாது. தரையில் சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இறங்கும் நேரத்தில் இரண்டு பேரும் மூக்கைத் தூக்கினால் யாருடைய லேண்டிங் என்றே தெரியாது.

அவருக்கு ஓட்டக் கற்றுத்தரச் சொன்னால், இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் இல்லாமல் செய்யாதீர்கள்.

வானிலை சரியில்லை. ஓனர் அவசரப்படுத்துகிறார்.

விமானத்தின் இறுதி முடிவு பைலட்-இன்-கமாண்டுடையது என்று சர்வதேச விதியே சொல்கிறது. அதை அவரிடம் ஒப்பித்தால் வேலை நடக்காது. முந்தின நாளே போன் செய்யுங்கள்: "சார், நாளைக்குக் காலையில பனி இருக்கும்போலத் தெரியுது. பத்து மணிக்குக் கிளம்பினா நல்லது. எட்டு மணிக்கே அங்க இருந்தாகணும்னா இன்னிக்கு ராத்திரியே கார்ல போற மாதிரி வச்சுக்குங்க." மாற்று வழி கையில் இருக்கும் ஓனர் அவசரப்படுத்துவது குறைவு.

எவ்வளவு மேக உயரம், எவ்வளவு தெரிவுநிலை, எவ்வளவு பக்கக்காற்று வரை போவீர்கள் என்ற உங்கள் எல்லைகளை எண்ணாக எழுதி, சேரும்போதே கொடுத்துவிடுங்கள். அனுபவம் கூடக்கூட எண்ணை மாற்றலாம், ஆனால் நிதானமான ஒரு சாயங்காலத்தில் மட்டும்.

களைப்பும் இதில் சேர்த்தி. அமெரிக்காவில் தனியார் சிறு விமானப் பயணத்துக்கு ஏர்லைன் மாதிரிப் பணிநேர வரம்பு கிடையாது. நீங்கள்தான் வரம்பு போட வேண்டும். எழுந்ததிலிருந்து கணக்கு வைத்து 14 மணிநேரத்துக்குள் வீடு சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மேலே சொன்ன 15 மணிநேர நாள் அப்போது எங்கே உடையும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: கூட்டம் நாலரையைத் தாண்டினால் ராத்திரி அங்கேயே தங்கல்.

எந்த ஓனரிடம் வேலையே வேண்டாம் என்று சொல்வது?

பதிவேடுகளைக் காட்டத் தயங்குபவர். முந்தைய பைலட் ஏன் போனார் என்று கேட்டால் திட்டத் தொடங்குபவர். "பழைய பையன் இதே வெதர்ல போவான்" என்பவர். முதல் மாதச் சம்பளத்தையே இழுத்தடிப்பவர். ஆளுக்குக் கொடுக்க யோசிப்பவர் மெக்கானிக்குக்கும் யோசிப்பார்.

ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

ஒரு பக்கம் போதும். நாள் தொகை, ரத்து நேரம், செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும், பாலிசி இணைப்புகள், பணிநேர வரம்பு, வானிலை எல்லைகள், கமாண்ட் யாருடையது. வாடகைக்கு ஆள் ஏற்ற மாட்டோம் என்று ஒரு வரி. இருவர் கையெழுத்து. நீங்கள் ஊழியரா, தனியாகத் தொழில் செய்பவரா என்பதைப் பொறுத்து வரி மாறும். அதை ஒரு கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் ஏர்லைன் இன்டர்வியூவில் இந்த மணிநேரம் எடுபடுமா?

எடுபடும், பதிவு சுத்தமாக இருந்தால். கமாண்ட் உங்களுடையதாக இருந்த பயணங்களை மட்டும் கமாண்டாக எழுதுங்கள். ஓனரும் அதே மணிநேரத்தைத் தன் லாக்புக்கில் கமாண்டாக எழுதியிருந்தால் ஒருநாள் இரண்டையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒற்றை எஞ்சின் மணிநேரம் மட்டும் போதாத இடங்களும் உண்டு, ஆகவே இரட்டை எஞ்சினுக்கு என்று சம்பளத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ரத்து செய்த பயணங்களையும் தேதி, காரணத்தோடு ஒரு தனி நோட்டில் குறித்து வைக்கலாம். "கடினமான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எடுத்துப் பேச அதில் விஷயம் இருக்கும்.